மிருகத்தின் முத்திரையும் ரேஷன் கடைக் கைரேகையும்

மும்பை தாராவியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அண்மையில் நடந்த மூன்று நாள் கூட்டத்தில் பேசிய ஊழியர் ஒருவர், ஆதாரும் கைரேகையும் கைபேசிவழிப் பணமும்தான் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 13-ஆம் அதிகாரம் சொல்லும், இல்லாதவர் வாங்கவோ விற்கவோ முடியாத "மிருகத்தின் முத்திரை" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து சகோதரியின் அம்மா ரேஷன் கடைக் கருவியில் விரல் வைக்க மறுக்கிறார். இரண்டு மாதமாக அரிசியும் கோதுமையும் வாங்கவில்லை. "கொம்பு, தலை, குதிரை, எண் என்று வருகிற இந்த அடையாளங்களை உண்மையில் எப்படிப் படிப்பது? அம்மாவிடம் என்ன சொல்வது?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். தேவனுக்கு விரோதமானது என்று நம்பிய ஒன்றை, வீட்டு அரிசி போனாலும் போகட்டும் என்று விலக்கியிருக்கிறார். அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் அவருக்குச் சொல்லப்பட்ட விளக்கம் தவறு. ரேஷன் கடையில் விரல் வைப்பது மிருகத்தின் முத்திரை ஆகாது. ஏன் என்பதை வேதத்தைக் கொண்டே சொல்கிறேன். என் பேச்சைவிட அவர் வேதத்தைத்தான் நம்புவார், அதுதான் சரியும்கூட. முப்பது ஆண்டுகளாக மாட்டுங்காவிலும் சயானிலும் தமிழ்ச் சபைகளில் இந்தப் புத்தகத்தைப் பாடம் நடத்தி வருகிறேன். வங்கி அட்டை பரவியபோது இதே பயத்தோடு வந்தார்கள். கடைப் பொருள்களில் கறுப்புக் கோடுகள் அச்சாகி வந்தபோது வந்தார்கள். கொரோனா தடுப்பூசியின்போதும் வந்தார்கள். முத்திரை என்று சொல்லப்பட்ட பொருள் ஒவ்வொரு முறையும் மாறியது, பயம் மட்டும் மாறவேயில்லை.

இந்தப் புத்தகம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை அதன் முதல் பக்கமே சொல்லிவிடுகிறது. பத்மு என்பது ஏஜியன் கடலில் உள்ள ஒரு சிறு தீவு. தேவவசனத்தினிமித்தம் அங்கே இருந்த யோவான் என்பவர், எதிர்க்கரையில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு ஊர்ச் சபைகளுக்கு எழுதுகிறார்: எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. காலம், பெரும்பாலான அறிஞர் கருத்துப்படி, கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட தொமித்தியான் பேரரசனின் கடைசி ஆண்டுகள். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சபைத் தலைவர் இரேனேயுவும் அப்படித்தான் எழுதிவைத்தார். ஆகவே இது ஒரு கடிதம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்ட கடிதம். முதல் அதிகாரத்தின் மூன்றாம் வசனமே வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் பாக்கியவான்கள் என்கிறது.

சிமிர்னாவின் கைத்தொழிலாளி ஒருவருக்கு இந்தக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் முக்கியமான எச்சரிக்கை இரண்டாயிரம் ஆண்டு கழித்து இந்தியாவில் வரப்போகும் ஓர் அடையாள அட்டையைப் பற்றியது என்றால், அவருக்கு அந்தக் கடிதத்தால் என்ன பயன்? தானியேலிடம் "முடிவுகாலமட்டும் புத்தகத்தை முத்திரைபோட்டு வை" என்று சொல்லப்பட்டது. யோவானுக்கு வந்த கட்டளை அதற்கு நேர் எதிர்: முத்திரை போடாதே, காலம் சமீபமாயிருக்கிறது. 22-ஆம் அதிகாரம் பத்தாம் வசனத்தை அம்மாவிடம் காட்டுங்கள். கேட்ட முதல் ஆள்களுக்குப் புரியும்படி எழுதப்பட்ட புத்தகம் இது. அவர்களுக்கு என்ன புரிந்தது என்பதைத்தான் நாம் முதலில் தேட வேண்டும்.

அப்படியானால் ஏன் நேராகச் சொல்லாமல் ஏழு தலை, பத்துக் கொம்பு என்று எழுத வேண்டும்? தமிழ் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது. சங்கப் பாட்டில் பாலை வந்தால் பிரிவு, முல்லை வந்தால் காத்திருப்பு. புலவர் அதற்கு உரை எழுதி ஒட்டுவதில்லை, கேட்பவருக்கு மரபு தெரியும். யூதர்களிடமும் அப்படி ஒரு மரபு இருந்தது. தானியேல் புத்தகத்தின் பின்பகுதியும் ஏனோக்கின் பெயரில் வழங்கும் நூலும் அந்த மரபைச் சேர்ந்தவை. அதில் கொம்பு என்றால் அதிகாரம். கண் என்றால் அறிவு. கடல் என்றால் ஒழுங்கில்லாத, அச்சுறுத்தும் ஆழம். ஏழு நிறைவைக் குறிக்கும். மூன்றரை ஆண்டு என்பது அந்த ஏழில் பாதி, அதாவது துன்பம் முழு அளவை எட்டாமல் நடுவில் அறுக்கப்படும். நாற்பத்திரண்டு மாதம், 1260 நாள் என்று வருவதெல்லாம் அதே மூன்றரைதான்.

பல இடங்களில் யோவானே பொருளும் சொல்லிவிடுகிறார். ஏழு பொன் குத்துவிளக்குகள் ஏழு சபைகள். தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபம். வலுசர்ப்பம் பழைய பாம்பாகிய பிசாசு. திரளான தண்ணீர்கள் ஜனங்களும் கூட்டங்களும் பாஷைக்காரரும். மெல்லிய வஸ்திரம் பரிசுத்தவான்களுடைய நீதி. இவற்றை எழுத்துப்படி எடுத்துக்கொள்ளும் போதகர் எவரையும் நான் கண்டதில்லை. அதே புத்தகத்தில் முத்திரையை மட்டும் ஏன் எழுத்துப்படி எடுக்க வேண்டும்?

மிருகத்துக்கு வருவோம். தானியேல் ஏழாம் அதிகாரத்தில் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஏறி வருகின்றன: சிங்கம், கரடி, சிறுத்தை, பெயரில்லாத நான்காவது ஒன்று. அவை நான்கு ராஜாக்கள் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. இப்போது வெளிப்படுத்தின விசேஷம் 13-ஐ எடுத்துப் பாருங்கள். சிறுத்தையின் உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய், பத்துக் கொம்பு. நான்கையும் பிசைந்து ஒன்றாக்கியிருக்கிறார் யோவான். பழைய பேரரசுகளின் கொடுமையெல்லாம் ஒரே உடலில் குடியேறிவிட்டது என்பது அந்தப் படத்தின் செய்தி. அது எந்த உடல்? 17-ஆம் அதிகாரத்தில் ஏழு தலைகளும் ஏழு மலைகள், அவற்றின்மேல் பாபிலோன் என்ற பெயருள்ள ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் பூமியின் ராஜாக்களை ஆளும் மகா நகரம் என்று வருகிறது. "ஏழு தீவின்மேல் உட்கார்ந்திருப்பவள்" என்று யாராவது எழுதினால், ஏழு தீவுகளை இணைத்து உருவான மும்பையில் பிழைக்கும் நமக்கு அது எந்த ஊர் என்று கேட்கத் தோன்றுமா? அன்றைய உலகில் ஏழு குன்றுகளின் நகரம் ரோமாபுரி. பாபிலோன் என்ற பெயரும் அதற்குத்தான். எருசலேமின் முதல் ஆலயத்தை இடித்தது பாபிலோன். கி.பி. 70-இல் இரண்டாம் ஆலயத்தை எரித்தது ரோம். அதன் பிறகு யூத எழுத்துகளிலும் ரோமுக்குப் பாபிலோன் என்ற பெயர் வந்தது.

மிருகத்தின் எண் என்று 13-ஆம் அதிகாரம் சொல்லும் 666-ஐப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், பயத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஒளவை சொன்னதாக வழங்கும் "எட்டேகால் லட்சணமே" என்ற வசவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ் எண்களில் எட்டு 'அ' என்ற எழுத்தின் வடிவம், கால் 'வ' என்ற எழுத்தின் வடிவம். சேர்த்துப் படித்தால் அவலட்சணம். தமிழ் எண் தெரிந்தவருக்கு உடனே விளங்கும். தெரியாதவர் எட்டேகாலை வைத்துக்கொண்டு பஸ் எண்ணிலும் வீட்டு எண்ணிலும் தேடினால் வாழ்நாளெல்லாம் தேட வேண்டியதுதான். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். ஒரு பெயரின் எழுத்துகளைக் கூட்டி எண்ணாகச் சொல்வது அன்று எல்லாரும் அறிந்த வழக்கம். "புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன், அது மனுஷனுடைய இலக்கம்" என்று யோவான் எழுதுவதும் அந்தக் கணக்கைத்தான். 'நேரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்துகளில் எழுதினால் 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. கூட்டுங்கள்: 666. கடைசி 'ன்' இல்லாமல் லத்தீன் உச்சரிப்புப்படி 'நேரோ' என்று எழுதினால் ஓர் ஐம்பது குறைந்து 616 ஆகும். எகிப்தின் ஒக்சிரிங்குவில் கிடைத்த பழைய பாப்பிரஸ் சுவடி ஒன்றில் 616 என்றே இருக்கிறது. ஒரே பெயரின் இரண்டு எழுத்துமுறைகள் இரண்டு சுவடி மரபுகளோடும் பொருந்துவதால், இந்த விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

நீரோ 54 முதல் 68 வரை ஆண்டவன், ரோமில் கிறிஸ்தவர்களைச் சித்திரவதை செய்து கொன்றவன். தற்கொலை செய்துகொண்ட பிறகும் அவன் திரும்பி வருவான் என்ற வதந்தி கிழக்கு மாகாணங்களில் பல ஆண்டுகள் உலவியது, நான்தான் நீரோ என்று சொல்லிக்கொண்டு போலிகளும் கிளம்பினார்கள். சாவுக்கேதுவான காயம்பட்டுச் சொஸ்தமான தலை என்று 13-ஆம் அதிகாரம் சொல்வது அந்த வதந்திகளின் நடுவே எழுதப்பட்டது. எல்லாரும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இரேனேயு வேறு பெயர்களை முயன்று பார்த்தார். ஆனாலும் அவசரப்பட்டு ஒரு பெயரைத் தீர்மானிக்காதீர்கள் என்று அவரே எச்சரித்தார். கடிதம் எழுதி நூறு ஆண்டுக்குள் சொல்லப்பட்ட அறிவுரை அது.

இனி முத்திரை. அம்மாவுக்கு மிகவும் தேவையானது இதுதான். நம் வேதாகமத்தில் அதிகாரங்களைப் பிரித்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில், வசன எண்கள் வந்தது பதினாறாம் நூற்றாண்டில். யோவான் எழுதியபோது 13-க்கும் 14-க்கும் நடுவே கோடு கிடையாது. அந்தக் கோட்டை எடுத்துவிட்டுப் படித்தால், வலதுகையிலோ நெற்றியிலோ மிருகத்தின் பெயரைப் பெற்றவர்கள் ஒரு பக்கம், அடுத்த வாக்கியத்திலேயே ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவின் பிதாவின் நாமம் நெற்றிகளில் எழுதப்பட்ட இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேர் மறுபக்கம். ஏழாம் அதிகாரத்திலும் தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றிகளில் முத்திரை போடப்படுகிறது. இந்த இரண்டாவது கூட்டத்தாரின் நெற்றியில் மையால் எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. "நீ யாருக்குச் சொந்தம்" என்பதன் அடையாளம் என்றுதான் அங்கே படிக்கிறோம். முதல் கூட்டத்தாருக்கும் அதே பொருள்தான் பொருந்தும். உபாகமம் ஆறாம் அதிகாரம் தேவனுடைய வார்த்தையைக் கையின்மேல் அடையாளமாகக் கட்டிக்கொள், கண்களின் நடுவே இருக்கக்கடவது என்கிறது. கையும் நெற்றியும் அங்கிருந்து வந்தவை. ஒருவர் செய்யும் செயலும் நினைக்கும் நினைவும் யாருக்கு உரியவை என்று அவை காட்டுகின்றன.

அதோடு, 14-ஆம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனம் முத்திரையைத் தனியாகச் சொல்லவேயில்லை. மிருகத்தையும் அதின் சொரூபத்தையும் வணங்கி, முத்திரையைத் தரித்துக்கொள்ளுகிறவன் என்கிறது. வணக்கம் இல்லாமல் முத்திரை இல்லை. அந்த வணக்கம் அன்று எப்படி நடந்தது என்பதற்குச் சான்றும் உண்டு. கி.பி. 112-ஐ ஒட்டி, பக்கத்து மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் இளைய பிளினி, திராயான் பேரரசனுக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் பேரரசனின் உருவத்துக்கு முன் நிறுத்தி, தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லி, கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னதாகவும், விடாப்பிடியாக இருந்தவர்களைக் கொல்ல அனுப்பியதாகவும் அதில் இருக்கிறது. பெர்கமுவில் பேரரசனுக்குக் கோயிலே இருந்தது. தியத்தீரா போன்ற ஊர்களில் தொழிற்சங்க விருந்துகளில் படையல் சாப்பிடாதவருக்குத் தொழிலில் இடம் கிடைப்பது கடினம். வாங்கவும் விற்கவும் முடியாது என்ற வசனம் அந்த மக்களின் அன்றாடம். தெரியாமல் ஒருவர் அந்த முத்திரையைப் பெற வழியே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு, கிறிஸ்துவை மறுதலித்து, வேறொருவனை வணங்கினால்தான் அது விழும்.

ஆதாரைப் பற்றிக் கேள்வி கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியுரிமை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2018-இல் தீர்ப்பு வந்தது. உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் வெறுங்கையோடு திரும்பும் முதியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகப் பேசுவது நம் கடமை. ஆனால் அந்தக் கருவியின் முன்னால் யாரும் அம்மாவைத் தூபம் காட்டச் சொல்லவில்லை.

எனக்கு வேதனை தருவது வேறொன்று. இதே புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில் கறுப்புக் குதிரைமேல் ஒருவன் தராசோடு வருகிறான். ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, மூன்று படி வாற்கோதுமை என்று ஒரு சத்தம் கேட்கிறது. பணம் என்று நம் மொழிபெயர்ப்பு சொல்வது தெனாரியம், ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அந்தப் படி ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாட்டு அளவு. காலையிலிருந்து மாலைவரை வேலை செய்தவன் தன் ஒரு வயிற்றுக்கு மட்டும் கோதுமை வாங்க முடியும். பெண்டாட்டி பிள்ளை இருந்தால் மட்டமான வாற்கோதுமைதான். எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்றும் அந்தச் சத்தம் சொல்கிறது, வசதியானவர்களின் பந்திக்குக் குறையில்லை என்று பலரும் இதை விளங்கிக்கொள்கிறார்கள். தானியத்தின் விலையைப் பரலோகத்தில் உரக்கச் சொல்லும் புத்தகம் இது. பசியை அவ்வளவு கூர்ந்து பார்த்த ஒரு புத்தகத்தின் பெயரால் உங்கள் வீட்டில் இரண்டு மாதம் கோதுமை வராமல் போனது என்னை உறுத்துகிறது.

18-ஆம் அதிகாரமும் அப்படித்தான். பாபிலோன் எரிகிறது, மாலுமிகள் தூரத்தில் நின்று புலம்புகிறார்கள், வியாபாரிகள் தங்கள் சரக்குகளைச் சொல்லி அழுகிறார்கள்: பொன், வெள்ளி, முத்து, பட்டு, யானைத்தந்தம், இலவங்கப்பட்டை என்று நீள்கிறது பட்டியல். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று அதே முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி குறைப்பட்டார். கொற்கை உங்கள் அம்மாவின் ஊர்ப்பக்கம்தான். ரோமாபுரியில் விற்ற முத்துகளில் அங்கே குளித்தெடுத்தவையும் இருந்திருக்கும். மூச்சடக்கி மூழ்கியவரைப் பற்றி வாங்கியவர்களுக்கு என்ன கவலை? யோவான் அந்தப் பட்டியலின் கடைசியில் வைப்பது அடிமைகளையும் மனுஷருடைய ஆத்துமாக்களையும். மனிதரைச் சரக்கோடு சரக்காக எண்ணும் சந்தையைத்தான் அவர் குற்றக் கூண்டில் ஏற்றுகிறார். குடிசைக் கதவில் கணக்கெடுப்பு எண் எழுதிவிட்டுப் போகும்போது உள்ளே இருப்பவரின் பெயர் மறந்துபோகும் நகரத்தில் வாழும் நாம், மிருகம் எங்கே என்று தேடினால் இந்த அதிகாரத்தின் பக்கமாகத் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

வருஷக் கணக்குப் போடுபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தானியேலின் 2300 நாளை ஆண்டுகளாக்கி அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தொடங்கிவைத்த கணக்கு 1844 அக்டோபர் 22-இல் வந்து நின்றது. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள், மறுநாள் பொழுது வழக்கம்போல விடிந்தது. கிறிஸ்து இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்று நம் கூட்டங்களில் கேட்கும் இரகசிய வருகைப் போதனையும் 1830-களில் ஜான் நெல்சன் டார்பி வழியாகப் பரவத் தொடங்கி, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தால் உலகமெங்கும் போனது. நானும் அதைக் கேட்டே வளர்ந்தவன், அதை நம்புகிறவர்களை இகழ மாட்டேன். அந்திக்கிறிஸ்து என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை, யோவானின் நிருபங்களில்தான் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இந்தப் புத்தகத்தை வரலாற்றில் நடந்து முடிந்ததாகப் படிப்பவர்கள் உண்டு. வருங்காலத்தைப் பற்றியதாக மட்டும் படிப்பவர்களும், எல்லாக் காலத்துக்கும் பொதுவான போராட்டமாகப் படிப்பவர்களும் உண்டு. முதல் பொருள் ரோம், அந்தக் குணம் எங்கே தலைதூக்கினாலும் அங்கேயும் பொருந்தும் என்று நான் படிக்கிறேன். முடிவான நியாயத்தீர்ப்பையும் புதிய எருசலேமையும் நான் விசுவாசிக்கிறேன், அவை இன்னும் வரவில்லை.

எந்த வழியில் படித்தாலும் ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டாமல் படிக்க முடியாது. யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறார் என்று ஒருவர் சொல்வதை யோவான் கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் நிற்பது அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற ஓர் ஆட்டுக்குட்டி. காதில் விழுந்தது சிங்கம், கண்ணில் பட்டது ஆட்டுக்குட்டி. அதன் பிறகு புத்தகம் முடியும்வரை கிறிஸ்துவுக்குச் சிங்கம் என்ற பெயர் திரும்ப வருவதேயில்லை, ஆட்டுக்குட்டியானவர் என்றே வருகிறது. 19-ஆம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரைமேல் வருகிறவரின் வஸ்திரம் சண்டை தொடங்கும் முன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அது அவருடைய சொந்த இரத்தம் என்றுதான் நான் எப்போதும் பாடத்தில் சொல்லி வந்திருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் பேசியவர் மிருகத்தைப் பற்றி மூன்று நாள் பேசினார் என்கிறீர்கள். ஆட்டுக்குட்டியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

விவாதம் வேண்டாம். ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, 13-ஆம் அதிகாரம் பதினோராம் வசனத்திலிருந்து 14-ஆம் அதிகாரம் ஐந்தாம் வசனம்வரை, அதிகார எண் வரும் இடத்தில் நிறுத்தாமல் உரக்க வாசியுங்கள். அவருடைய பழைய வேதாகமத்திலேயே வாசியுங்கள், அந்தச் சொற்கள்தான் அவருக்குப் பழக்கம். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அம்மா, ஞானஸ்நானம் எடுத்தபோது உங்கள் நெற்றியில் யாருடைய பெயர் எழுதப்பட்டது?" அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். அன்றைக்கே சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் சரி என்று சொல்லும் நாளில் ரேஷன் கடைக்கு அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். விட்டுப்போன இரண்டு மாதத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.